கிளச் எனக்கு, கியர் அவருக்கு

ஒரே மாதிரி இரண்டு கார்கள். இரண்டுக்கும் இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மஞ்சள் காரில் கியரை நாம் போட வேண்டும். நீலத்தில் அது தானே மாறிக்கொள்ளும். திண்டிவனம் பைபாஸ் ஓரம் பழைய கார் விற்கும் சவுரிராயன் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, விழுப்புரத்தில் எங்கள் வீட்டு நிம்மதியை ஒரு மாதத்துக்குக் கெடுத்துவிட்டான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரிக் காரே பிடிக்காது. உட்கார்ந்தால் தார் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் அதிலிருந்து எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஓசூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தால் யார் மடியில் உட்காருவார்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் வரட்டும் என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் ஜெகதீசன். விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அந்த ரோட்டில் தன்னை முந்திக்கொண்டு போன தாழ்வான கார் ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார். இன்றைக்கு ஒரு சிவப்பு போச்சு, இன்றைக்கு ஒரு வெள்ளை போச்சு என்பார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் போடுவேன். விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் மகளுக்குக் கொடுத்தது போக மீதியில் அப்படி ஒரு கார் வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, என் வாய்க்கு வந்திருக்க வேண்டிய பேச்சு எதுவும் வரவில்லை. ஆள் உயிரோடு இருந்து கேட்கிறாரே என்றுதான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால், மயிலம் கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து, மணி, நெஞ்சு அடைக்குது என்றார். அவ்வளவுதான், தலை சாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வருகிறோம் என்றார்கள். பதினோரு நிமிஷம் கழித்துப் பால் வண்டிக்காரன் ஒருவன் பார்த்து நிறுத்தி, இவரை நகர்த்தி உட்காரவைத்து, எங்கள் காரையே எடுத்து ஓட்டினான். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பதினோரு நிமிஷமும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டேன். தண்ணீர்க் குடம், சிலிண்டர், ஊறுகாய்ப் பாட்டில், ஸ்கூட்டர் சாவி. பழைய காரையும் விற்கவைத்தேன். எதற்கும் அவர் சண்டை போடவில்லை. நல்ல பிள்ளையாகக் கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்கே பொறுக்காது, ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படி இருந்த மனுஷன், சவுரிராயனின் ஷெட்டில் மஞ்சள் கார் கியர் ராடைப் பிடித்தார், விடவே இல்லை.

நான் நீலம்தான் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. உங்களுக்கு முட்டிவலி என்றேன், விழுப்புரம் சிக்னலில் கிளச் மிதித்தே கால் போய்விடும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கியர் இல்லாத வண்டிய ஓட்டறதா? அதுல சும்மா குந்திக்கினு போறது. அதுக்கு நான் எதுக்கு மணி?"

இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் சண்டையோடு பஸ் ஏறினோம். மூன்றாவது தடவை, ஓட்டித்தான் பாருங்களேன் அண்ணே என்று சவுரிராயன் நீலத்தின் சாவியைக் கொடுத்தான். சர்வீஸ் ரோட்டில் நன்றாகத்தான் போனது. முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய ஒரு டிராக்டர் திரும்பியது. வேகத்தைக் குறைக்க இவர் பழக்கத்தில் இடது காலைத் தூக்கிக் கிளச்சை ஓங்கி மிதித்தார். அந்தக் காரில் கிளச் ஏது? அகலமான பிரேக்தான் இருந்தது. கார் ஆணி அடித்தது போல நின்றது. பெல்ட் மட்டும் இல்லையென்றால் என் பல் கண்ணாடியில்தான் இருந்திருக்கும்.

பார்த்தாயா என்றார். இந்தப் பேஜாரு எனக்கு வேண்டாம், நீயே பார்த்தாய் இல்லையா என்றார். அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததே, அதைக் கண்டதும் எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்துவிட்டது. கைப்பையிலிருந்து என் டிரைவிங் லைசென்ஸை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

நான்கு மாதமாகப் புதன், சனிக்கிழமைகளில் அன்புச்செல்வி வீட்டுக்குத் தையல் கற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனது டிரைவிங் ஸ்கூலுக்கு. லைசென்ஸ் வந்துவிட்டது, ஓட்டத்தான் வரவில்லை. நான் போன இடத்தில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு கிளச்சையும் பிரேக்கையும் தானே மிதித்துக்கொண்டு வருவார். நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நாமே ஓட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவர் லைசென்ஸில் இருந்த என் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க முட்டிக்காக நான் கேக்கலிங்க," என்றேன். "இன்னொரு வாட்டி நெஞ்சு வலிச்சா நான் ஓட்டணும். கியர் இல்லாததுன்னா எப்பிடியாவது ஓட்டிக்கினு போயிடுவேன். அன்னிக்கு எஞ்சின் ஓடிக்கினே இருந்துச்சு. எனக்கு மிதிக்கத் தெரியல."

அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். இறங்கியதும் சவுரிராயனிடம், நீலத்துக்கே பேப்பர் போடு என்றார். பிறகு மஞ்சள் காரின் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கியர் ராடை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நியூட்ரலில் இருக்கிறதா என்று அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார். ஆட்டிவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டவள் நான். இதையும் வாங்கிக்கொண்டால் அந்தக் கையில் என்ன இருக்கும்? மஞ்சளுக்கே போடு என்றேன். சவுரிராயன் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, ஏதாவது ஒன்று சொல்லுங்க அண்ணி என்று பாவமாகக் கேட்டான்.

"அப்ப உனுக்கு?" என்றார் இவர்.

"நான் ஓட்டறேன். கிளச்ச நான் மிதிக்கறேன், பக்கத்துல குந்திக்கினு நீங்க கியர் போடுங்க. எனக்கு வர்ற வரைக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்திருக்கிறார், அதற்கப்புறம் இல்லை.

கார் பேப்பரில் பேர் மாற்றி முடிய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்கக் காலையில் திண்டிவனம் பஸ் ஏறி வந்து, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பழகினோம். மிதிச்சுட்டேன் என்று நான் சொல்ல வேண்டும், உடனே அவர் கியர் போட வேண்டும். அவருக்கும் சுலபமாக இல்லை. இருபத்தெட்டு வருஷம் இடது கையால் போட்ட கியரை இப்போது வலது கையால் போட வேண்டும். ஒன்றாவது என்று மூன்றாவதைப் போட்டு வண்டியை அணைத்தார். நான் சும்மா விட்டேனா? இத்தனை வருஷம் பேசஞ்சருங்க எப்படித்தான் உங்களை நம்பி ஏறினார்களோ என்றேன். சவுரிராயன் திரும்பி நின்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் காரை விழுப்புரத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மிதிச்சுட்டேன், இரண்டு. மிதிச்சுட்டேன், மூன்று. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான், நான் அவன் குடும்பத்தையே திட்டினேன். இவர் பதறாமல் வந்தார். கூட்டேரிப்பட்டு வந்தது. வேகத்தைக் குறைத்து இரண்டாவதில் ஊர்ந்து போனோம். அன்றைக்கு வண்டி நின்ற இடத்தில் இப்போது ஒரு பஞ்சர் கடை வந்திருக்கிறது. முன்னால் ரோடு காலியானதும், மிதிச்சுட்டேன் என்றேன்.

கியர் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கை அவர் மடியில் இருந்தது.

"நீயே போடு மணி."

கியர் ராடைப் பிடித்தேன். அவர் பிடித்திருந்த சூடு அதில் இன்னும் இருந்தது. மூன்றாவது விழுந்தது. கொஞ்ச தூரம் போய் நான்காவதும் விழுந்தது. எப்படி என்று கேட்க ஆசையாகத் திரும்பினால், இவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. என்னங்க என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்ல, பயப்படாத," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இந்த ரோட்டுல பேசஞ்சருங்க தூங்கறத இருபத்தெட்டு வருஷமா கண்ணாடியில பாத்துக்கினே வந்தேன். நான் ஒரு நாள்கூட தூங்கினதில்ல. நீ ஓட்டு."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிறுத்தி, ஒன்றாவதிலிருந்து எல்லாக் கியரையும் நானே போட்டேன். ஒரு தடவை கரகரவென்று சத்தம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. விழுப்புரம் வரும்வரை குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால் எனக்குப் பயமாக இல்லை.