விட்டுப்போன நோன்பு

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. முப்பத்தாறு வயதில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டாள். மூத்தவள் ஐந்து வருடங்களுக்கு முன்பு காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை இல்லை.

கல்யாணமான எட்டாவது மாதம், பீரோ மேல் தூசி தட்டும்போது ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. உள்ளே, பட்டுத்துணியில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் வெள்ளி அம்மன் முகம். வரலட்சுமி நோன்பன்று கலசத்தில் கட்டுவது. பின்பக்கம் மூத்தவளின் பெயர் பொறித்திருந்தது.

கணவரிடம் காட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. தலை நோன்புக்கு மூத்தவளின் அம்மா செய்து கொடுத்தது என்றார். காரியங்கள் முடிந்த பிறகு அந்த வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை.

"பொண்ணைக் குடுத்தவங்க கையில டப்பாவை மட்டும் எப்படித் திருப்பிக் குடுக்கறது?" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமைதான் நோன்பு. அவளுக்கு விவரம் தெரியாத வயதிலேயே தாய் இறந்துவிட, அப்பா ஒற்றை ஆளாக வளர்த்தார். நோன்பெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்தவள் பொருளை எடுத்துப் புழங்கவும் மனசு வரவில்லை, பழையபடி பீரோ மேல் போட்டுவைக்கவும் மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூத்தவளின் அம்மா வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். வந்தவள் யார் என்று சொன்னதும் மெஷின் நின்றது. உட்காரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் கணவர்தான், வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசாதே என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மா டப்பாவைத் திறந்து, பின்பக்கம் பொறித்திருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. திருகு விழுந்துபோன இடத்தில் தையல் நூலைக் கட்டியிருந்தார். பவர் அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கைப்பையிலிருந்த குட்டித் திருப்புளியால் புதுத் திருகு போட்டுக் கொடுத்தாள். மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா அவளை நேராகப் பார்த்தார்.

பிறகு பேசினார். ஐந்து வருடமாக இந்த வீட்டிலும் நோன்பு விட்டுப்போச்சு என்றார். மகள் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லையாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாளாம்.

"அவர் நல்லா இருக்கணும்னுதான் வேண்டிக்குவா. தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. அவர் நல்லாத்தானே இருக்கார்? அப்ப நோன்பு பலிச்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

குரலில் கோபம் இல்லை. துணியில் தையல் எங்கே பிசகியது என்று தேடுகிறவர் மாதிரி கேட்டார். பவர் அக்கா, அவர் அப்படி ஒன்றும் நல்லா இல்லம்மா என்று மட்டும் சொன்னாள். தூக்கத்தில் மூத்தவள் பெயரைச் சொல்லுவார், நான் கேட்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்வேன் என்றாள். அந்த அம்மா வெள்ளி முகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார். அதோடு பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தால், மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு அந்த அம்மாவும் அவர் கணவரும். கையில் பூ, பழம், அதே டப்பா.

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் ஓடல. நல்லா இருக்கு போ" என்றார் பெரியவர்.

உள்ளேயிருந்து வந்த மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இளைச்சுட்டீங்க மாப்பிள்ளை. ஒரு மணை எடுத்துப் போடுங்க."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மணை தேடுகிற சாக்கில் சமையலறைக்குள் போனவர் வர நேரமாயிற்று. தேடிப் போன மாமனார் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார்.

விட்டுப்போன நோன்பைப் பெரியவர்கள் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார் அந்த அம்மா. கலசம் வைத்து, முகம் கட்டி, பூச்சூட்டினார்கள். பவர் அக்கா வேலைக்கு நேரமாகும் என்பதையே மறந்துபோனாள். மஞ்சள் சரடை அவள் வலது கையில் கட்டிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்.

"வேண்டிக்கோம்மா. எல்லாருக்கும் கேளு, வேண்டாங்கல. ஆனா முதல்ல உனக்குன்னு ஏதாவது கேளு. அவளுக்கு நான் இதைச் சொல்லிக் குடுக்காம விட்டுட்டேன்."

அவள் கண்ணை மூடினாள். தனக்கென்று என்ன கேட்பது என்று சட்டென்று பிடிபடவில்லை. யோசித்து, வெட்கத்தோடு ஒன்றைக் கேட்டாள். என்ன கேட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. பிறகு இன்னொரு சரடை எடுத்து அந்த அம்மாவின் கையில் அவளே கட்டினாள். மெக்கானிக் மாமனார், மாமியார் காலில் விழுந்தார்.

பெரியவர்கள் கிளம்பும்போது, பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அவரும் கூடவே இறங்கினார். அரை மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் வந்து போயிற்று, இன்னொன்றும் போயிற்று. யாரும் ஏறுகிற மாதிரி தெரியவில்லை.