லியோமிர் அடித்த நூற்றுப் பன்னிரண்டு கோல்கள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ரொட்டிக்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எத்வானியோ வந்து என் தலையில் கட்டியது. போர்ச்சுகலிலும் கிரேக்கத்திலும் பதினான்கு வருடம் முன்வரிசையில் கால்பந்து ஆடி, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். எங்கள் மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். விழா மலரில் அவர் வாழ்க்கையை நான் எழுத வேண்டும்.

தொடக்கம்: "பதினெட்டு வயதில் விமானம் ஏறிய லியோமிர்..."

(நிறுத்திவிட்டேன். அப்போது எத்வானியோவுக்கு வயது இருபத்திரண்டு. லியோமிர் என்பது தம்பியின் பெயர்.)

2

இருபத்திரண்டு வயதுக்காரனை வெளிநாட்டுத் தரகர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அதனால் தம்பியின் பிறப்புச் சான்றிதழோடு கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் இதற்குப் 'பூனை வேலை' என்று பெயர். பெரிய பாவமாக யாரும் நினைக்கவில்லை. தெருவில் எத்வானியோ என்று கூப்பிட்ட அதே வாயால் தொலைக்காட்சி முன்னால் "லியோமிர், அடிடா!" என்று கத்தினோம். நானும்தான்.

பாவம் பிறகு தெரிந்தது. தம்பியும் ஆடுவான். இடது ஓரத்தில் அவன் ஓடினால் பிடிக்க ஆளில்லை. மறுவருடம் பெரிய கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டது. பதிவுசெய்யப் போனால், இதே பெயரிலும் பிறந்த தேதியிலும் ஒருவர் ஏற்கெனவே போர்ச்சுகலில் ஆடுகிறாரே என்றார்கள். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் திரும்பிவந்து பால் லாரி ஓட்டினான்.

(இவனைக் கோபக்காரனாக எழுதிப்பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

"ஒரே ஒரு தடவ என் பேரு அச்சுல வரட்டும், எழுத்தாளரே," என்றார் எத்வானியோ. "நான் கோல் அடிச்சா மைதானமே தம்பி பேரத்தான் கத்தும். மானம் போனாலும் பரவால்ல. அவனுக்குச் செஞ்ச துரோகமும் தீரும்."

உண்மையைச் சொல்லி, தம்பி கட்டிப்பிடித்து அழுவதாக முடித்தேன். அழகாக வந்திருந்தது. ரொட்டிக்கடையில், அண்ணனும் பக்கத்தில் இருக்கும்போதே, லியோமிரிடம் காட்டினேன். சீஸ் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடி வாசித்தான். பாதியில் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அண்ணே, என் எடத்த எடுத்துக்கிட்ட. சரி, போவுது. லாரி ரேடியோவுல கேட்டுக் கேட்டு நூத்திப் பன்னெண்டு கோல் சேத்து வச்சிருக்கேன். எல்லாம் என் பேர்ல. இப்ப அதயும் புடுங்கிக்கப் போறியா?"

"அப்ப நான் யாருடா?"

"அத அப்பவே கேட்டிருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. இருவர் மேலும் கோபமும் வந்தது.

4

மலர் இன்று அச்சுக்குப் போகிறது. எத்வானியோ என்று எழுதினால் தம்பியிடம் ஒன்றுமே மிஞ்சாது. லியோமிர் என்று எழுதினால் அண்ணன் பிறக்கவே இல்லை. இருவர் பெயரையும் போடலாமே என்பீர்கள். கேட்டேன். இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள்.

மைதானத்தின் பெயர்: ____________

நான் எழுதப்போவதில்லை. கோழைதான், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுமுன் இந்த ரொட்டிக்கடைக்குள் ஒருமுறை பாருங்கள். காப்பி ஆயிற்று என்று கடைக்காரி "லியோமிர்!" என்று கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் எழுந்திருக்கிறார்கள்.