பெற்றுக்கொண்டோம்

சந்தேகம் கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால்தான் எங்கள் பிரிவில் இருந்த அந்தப் பெண்ணுக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர் வைத்தேன். அலுவலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வேறென்ன செய்வாள், நான் அவளுக்கு மேலதிகாரி.

எங்கள் வேலை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் டாக்டர் ஒரு விண்ணப்பம் போட்டால், அது சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் இருக்கும் மென்பொருளில் அந்த முகவரியைக் கொடுத்து இணைப்பவர்கள் நாங்கள். இணைப்பு சரியா என்று பார்க்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் பச்சை வரும், இல்லையென்றால் சிவப்பு. பச்சை என்றால் அந்தப் பக்கம் யாரோ பதில் சொன்னார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து “யாரு?” என்று குரல் வருகிற மாதிரி. நாம் தேடிவந்த வீடுதானா என்பது வேறு விஷயம். இருபது வருஷமாக இதை மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

இணைப்பைக் கட்டிய நாட்களில் அந்தப் பட்டியல் அலுவலகத்தின் சர்வர் பாதி நேரம் படுத்தே கிடந்தது. அதனால் சோதனைக்கு நானே ஒரு போலி சர்வர் எழுதினேன். எந்த விண்ணப்பம் போனாலும் “பெற்றுக்கொண்டோம்” என்று சொல்லி, 77 என்று தொடங்கும் ஒரு பதிவு எண்ணும் கொடுக்கும். நிஜம் போலவே இருக்கட்டும் என்று எண் ஒவ்வொன்றாக ஏறும்படி வேறு செய்திருந்தேன். அவ்வளவு அக்கறை! ரத்த வங்கி, மருந்துக் கிடங்கு என்று ஆறு இணைப்புகளையும் அந்தப் போலியை வைத்தே சோதித்தோம்.

நிஜப் பயன்பாட்டுக்கு விடும் நாளில் ஆறிலும் போலி முகவரியை எடுத்துவிட்டு உண்மையானதைப் போட வேண்டும். ஐந்தில் போட்டேன். ஆறாவது, சிறுநீரகப் பட்டியல். அதைத் திறந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, எல்லாம் மாற்றியாயிற்று என்ற நினைப்பில் பட்டனை அழுத்தினேன். பச்சை. அப்போதுதான் சந்தேகம் வாயைத் திறந்தாள்.

“சார், நிஜமா ஒரு விண்ணப்பம் அனுப்பிட்டு, அந்த ஆபீசுக்கு போன் போட்டு வந்துச்சான்னு கேட்டுடலாமா?”

“ஏம்மா, அடுப்பு எரியுதான்னு உள்ள கைய விட்டுப் பாத்தாதான் நம்புவியா?” என்றேன். அறையே சிரித்தது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். முகவரியை மாற்றுவது நான், எல்லோருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லில்; யார் மாற்றினார் என்று எங்கும் பதிவாகாது. சோதித்ததாகத் தாளில் கையெழுத்துப் போடுவது எனக்குக் கீழே இருப்பவர். “போடு, போடு, மணியாச்சு” என்று விரட்டினேன். போட்டாள்.

அடுத்த வாரமே என் அக்கா புருஷனுக்கு அதே ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் போட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்பா போன பிறகு என்னைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்த மனிதர் அவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அக்கா மாதம் ஒருமுறை கேட்பாள். “அது போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு தடவ பாரேன்டா.”

“எனக்கே பாடம் எடுக்காத. பச்சை காட்டுது. நான் போட்ட லைன்க்கா அது” என்று எரிந்து விழுவேன். அவளுக்கு அதில் கோபமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் “என் தம்பி போட்ட லைன்” என்று பெருமை பேசுவாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமா டயாலிசிஸ் முடிந்து உள்ளே படுத்திருந்தார். ஆஸ்பத்திரி ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, பட்டியலில் சேர்த்ததற்கான ரசீதை என் முன்னால் நீட்டினாள். “எழுத்து மங்குதுடா, ஒரு காப்பி எடுத்துக் குடு.”

பதிவு எண் 7700031.

சோறு புரையேறி இருமினேன். “மெதுவா தின்னேன்டா” என்று என் உச்சந்தலையில் தட்டினாள்.

அலுவலகத்துக்கு ஓடினேன். ஆறாவது இணைப்பில் என் போலி முகவரி அப்படியே இருந்தது. எங்கள் பழைய சோதனைகள் போக, நாற்பத்து மூன்று பேருடைய நிஜ விண்ணப்பங்கள் அதன் வயிற்றுக்குள் கிடந்தன. முகவரியை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். நான் ஒவ்வொன்றாக அனுப்ப அனுப்ப, வந்த பதில்களைச் சந்தேகம்தான் வாசித்தாள். முப்பத்தொன்பது பேரைச் சேர்த்துக்கொண்டார்கள், இன்றைய தேதியில், வரிசையின் கடைசியில். நான்கு பேர் நிராகரிப்பு. அறுபது வயது முடிந்தவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பது அந்தப் பட்டியலின் விதி. முன்பே உள்ளே இருப்பவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. மாமாவுக்குப் போன மாதம்தான் அறுபது முடிந்திருந்தது. இந்த முடிவே இறுதியானது என்று பதிலிலேயே போட்டிருந்தது.

“முப்பத்தொண்ணாம் நம்பர்… உங்க மாமாதானே சார்?” என்றாள் சந்தேகம்.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, “யார் பாத்த வேல இது?” என்றார். நான் அந்தச் சோதனைத் தாளை எடுத்து அவர் மேசையில் வைத்தேன், அவ்வளவுதான்.

“சார்தான் அவசரப்படுத்தி…” என்று ஆரம்பித்தாள் அவள்.

“கையெழுத்து உன்னோடதா, இல்லையா?” என்றார் மேலாளர்.

“என்னோடதுதான்.”

வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு வேலை போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டு இடமும் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். அக்காவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

அக்காவிடமும் பாதியைத்தான் சொன்னேன். ஒரு பெண் ஒழுங்காகச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள், விண்ணப்பம் போகவே இல்லை என்றேன். மாமாவை நிராகரித்துவிட்டார்கள் என்ற மீதிப் பாதி வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அக்கா எங்கள் அலுவலக வரவேற்பறைக்கே வந்துவிட்டாள். சேதி கேட்டு நான் கீழே இறங்கி வந்தேன். அதே நேரத்தில் சந்தேகம் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள். யார் அந்தப் பெண் என்று அக்கா கேட்க, வரவேற்பறை ஆள் அவளைக் கை காட்டிவிட்டான்.

“நீதானாடி அது? நீ நல்லா இருப்பியா?” அக்காவின் குரல் அந்தக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும். “அந்த ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேக்க உனக்கு வலிச்சுதா? உன் வீட்டு ஆம்பள இப்படிக் கெடந்தா தெரியும்டி உனக்கு! என் தம்பி பாத்துப் பாத்துப் போட்ட லைன நாசம் பண்ணிட்டியே, பாவி!”

சந்தேகம் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லித் தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் இருந்தது. நிராகரிப்பை வாசித்தவளே அவள்தானே. வாயைத் திறந்தவள் மாமாவின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க ஐயா” என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

“விடு, பாவம். அந்தப் பொண்ணு வேணும்னா பண்ணிருக்கும்?” என்று மாமா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நின்றதிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. “எட்டு மாசம்தானப்பா, போகட்டும். இந்தத் தடவ யாரையும் நம்பாத. நீயே உன் கையால அனுப்பிடு. நீ அனுப்பினா எனக்குக் கவலையில்ல.”

சந்தேகம் பெட்டியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டுவிட்டுத்தான் போவாள் போலிருந்தது.

“இன்னிக்கே அனுப்பிடறேன் மாமா” என்றேன்.