சத்தம் வராது

"ராணியக்கா, என்ன பாட்டுப் போடுற?"

கமுக மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, ஏணியின் பாதியில் நின்றபடியே பவாஸ் கேட்டார். ஸ்பீக்கரின் வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் ‘லோஜினி சவுண்ட்ஸ், வத்தேகம’ என்று எழுதியிருந்தது. எழுதிய மனுஷர் சின்னமுத்து, பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக உள்ளே பெட்டியில் படுத்திருந்தார். இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணமோ திருவிழாவோ சாவோ அவருடைய செட் இல்லாமல் நடந்ததில்லை. பவாஸுக்கும் அதே தொழில், பக்கத்து ஊர் மடவளையில். போட்டிக்காரர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் காலையிலேயே வந்து, சின்னமுத்துவுக்குச் சின்னமுத்துவின் செட்டைத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லி, அவருடைய சாமான் அறையிலிருந்தே வேண்டியதை எடுத்துப் பொருத்தியிருந்தார். அந்த மரியாதை கலாராணிக்குப் பிடித்திருந்தது. கேள்விதான் பிடிக்கவில்லை. புருஷனுடைய தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே, காதில் விழாதவள் போல இருந்தாள்.

"தேவாரத்தைப் போடுங்கோ தம்பி," என்றார் கந்தையா மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, பென்ஷனுக்குப் பிறகும் இங்கேயே தங்கி, கோயில் கமிட்டிக்குத் தலைவராகிவிட்டவர். "அதுதான் முறை. வேற ஒண்டும் வேண்டாம்."

அந்த ‘வேற ஒண்டும்’ என்னவென்று கதிரைகளில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மகளோட பாட்டைப் போட்டுத் தொலைச்சிறாதீங்க," என்றாள் சின்னமுத்துவின் அக்கா அங்கம்மா, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "படுத்திருக்கிற என் தம்பி எந்திரிச்சு ஓடிருவான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்! ஒருத்தி அது பேய்ப் படத்தில் வருகிற கூச்சல் என்றாள். வெள்ளைக்காரனுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது என்று யாரோ பேஸ்புக்கில் எழுதியிருந்ததை இன்னொருத்தர் தன் சொந்தக் கருத்துப் போல எடுத்துவிட்டார். கந்தையா மாஸ்டர் நியாயம் பார்க்கிறவர் அல்லவா, அவர் தொண்டையைச் செருமினார். "சுருதி சுத்தம், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா தாலாட்டை உப்பிடி உச்சியில ஏத்தினா எந்தப் பிள்ளை நித்திரை கொள்ளும்?"

கலாராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேடிக்கை என்னவென்றால், இவர்கள் எல்லாரையும் விட மோசமாகச் சொன்னவள் அவள்தான்.

லோஜினி ஒரே மகள். கண்டியில் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். அங்கே பிடித்த பைத்தியம் அவளை இத்தாலி வரை கொண்டுபோய், ஒபரா பாட்டுப் படிக்க வைத்தது. போன வருஷம் ஓர் அல்பம் வெளியிட்டாள். பியானோவும் வயலின் கூட்டமும் முழங்க, அந்த ஒபராக் குரலில் மலைநாட்டுத் தாலாட்டுகள். முதல் தாலாட்டு கலாராணியுடையது. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், லயத்து ஒற்றைக் காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மகளின் காதருகில் முணுமுணுத்தது. அதை எடுத்து மகள் உலகத்துக்கே கேட்கும்படி கத்தியிருந்தாள். "பூனைய வாளிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருக்கு. எம் பாட்டை நாசமாக்கிட்டா பாவி" என்று அங்கம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவு, கை தவறிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது.

லோஜினி அதைக் கேட்டாள். குரூப்பை விட்டுப் போனாள். அன்றோடு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு முறிந்தது. எதுவானாலும் அப்பா வழியாகத்தான். "அம்மா மாத்திரை போடுறாங்களான்னு கேளுங்கப்பா" என்று போனுக்குள்ளிருந்து வரும். "போடுறேன்னு சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கலாராணி சொல்லி அனுப்புவாள். இப்போது நடுவில் இருந்த மனுஷனும் போயாயிற்று. மகள் வந்துகொண்டிருந்தாள். வந்து தன் முகத்தைப் பார்ப்பாளா, அப்பாவை அனுப்பிவிட்டு அப்படியே திரும்பிவிடுவாளா? செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவருடைய மூச்சு நின்றதிலிருந்து இந்த ஒரு கேள்வியோடுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். அழக்கூட வரவில்லை.

சின்னமுத்து மட்டும் அந்த அல்பத்தை விடவே இல்லை. கோயில் திருவிழாவில் பக்திப் பாட்டுகளுக்கு நடுவே அதைப் போட்டார். கந்தையா மாஸ்டர் தானே எழுந்து வந்து ப்ளக்கைப் பிடுங்கினார். சின்னமுத்து வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வீட்டிலும் விடிந்தால் அதே பாட்டுத்தான்.

"சாமி மேல சத்தியமா சொல்லுங்க, உங்களுக்கு அது பிடிச்சிருக்கா?" என்று ஒருநாள் கலாராணி கேட்டே விட்டாள்.

"பிடிக்குது, பிடிக்கல, அதெல்லாம் வேற கலா. பாட்டு ஓடணும்."

"இனி இந்த வீட்டுல அந்தச் சத்தம் கேட்டுச்சு, போனைத் தூக்கித் தண்ணித் தொட்டியில போட்டுருவேன். ஆமா!"

"சரி. சத்தம் வராது," என்றார் சின்னமுத்து.

சொன்னபடி வரவும் இல்லை. ஒரு வழியாகத் தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள்.

பவாஸ் தேவாரத்தைப் போட்டார். வெயில் ஏறி, இரண்டாம் தடவை பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது கட்டுநாயக்க ஏர்போர்ட்டிலிருந்து வான் வந்து நின்றது. லோஜினி இறங்கி ஓடிவந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுக்காரி எப்படி அழுகிறாள் என்று பார்க்கவே பாதிச் சனம் எழுந்து நின்றது. எல்லாரையும் போலத்தான் அழுதாள், மூக்கு ஒழுக, தொண்டை கம்ம. கலாராணி தலைமாட்டில் நின்றாள். மகள் அந்தப் பக்கம் நிமிரவே இல்லை.

முகம் கழுவ உள்ளே போனவளுக்குப் பின்னால், துவாயை எடுத்துக்கொண்டு கலாராணி போனாள். கொடுப்பதற்கு ஒரு துவாயாவது இருக்கிறதே என்றிருந்தது. லோஜினி அதை வாங்கி முகத்தைத் துடைத்தாள். துவாய்க்குள்ளிருந்தே பேசினாள்.

"நீங்களாம்மா கேக்குறீங்க?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. கலாராணிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்த?"

லோஜினி தன் போனை நீட்டினாள். "எம் பாட்டை எந்த ஊர்ல கேக்குறாங்கன்னு இதுல காட்டும். கண்டிப் பக்கம் மட்டும் ஒரு ஆள் விடாம கேக்குறாங்க. அப்பாதான்னு நெனச்சேன். ஆனா அப்பா போனதுக்குப் பொறகும் ஓடுது. பிளேன்ல ஏறுறதுக்கு முன்னுக்குப் பார்த்தேன், ஓடுது. இப்பவும் ஓடுது." போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீங்களா?"

கலாராணி வாயைத் திறப்பதற்குள், "லோஜினி! வாய்க்கரிசி போட வாம்மா, நேரமாகுது," என்று அங்கம்மா கூப்பிட்டாள். மகள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசையைக் கலாராணியால் தாங்க முடியவில்லை.

நானா? நான் எங்கே கேட்டேன்? அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சாமான் அறைக்கு ஓடினாள். மேசையில் அம்ப்ளிபயர் தேவாரத்தைப் பாடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அகப்பட்டது, பாட்டுப் போடுவதற்கென்றே அவர் வைத்திருந்த பழைய போன். சிம் கிடையாது, வீட்டு வைஃபையில் ஓடுவது. கோழி அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி சூடாக இருந்தது. திரையில் மகளின் முகம். அதற்குக் கீழே பாட்டின் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் ஒரேயடியாகக் குறைத்து வைத்திருந்தார்.

"அட பாவி மனுஷா," என்றாள் கலாராணி. சத்தம் வராது என்று சொன்னது இதைத்தானா! ஊர் காது கிழியப் பாட்டுப் போட்ட மனுஷன், மகளுக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று, பெண்டாட்டி வாய்க்குப் பயந்து, ஊமையாக ஓட விட்டிருக்கிறார். உயிர் போன பிறகும் ஓடியிருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

போனின் பேட்டரி சிவந்திருந்தது. சார்ஜர் தரையில் கிடந்தது. காலையில் பவாஸ் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அம்ப்ளிபயரைச் சொருகியிருக்கிறார், பாவம், அவருக்கு என்ன தெரியும். வீட்டில் வேறு ப்ளக் பாயிண்ட் இல்லாமலில்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் கலாராணி இல்லை. அம்ப்ளிபயரின் ப்ளக்கைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். வெளியே தேவாரம் பாதி வரியில் அறுந்தது. சார்ஜரைச் சொருகினாள்.

"என்ன, கரண்ட் போய்ட்டுதோ?" என்று வாசலில் கந்தையா மாஸ்டரின் குரல் கேட்டது.

அவள் போனின் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். வயலின்கள் எழும்பின. அவற்றுக்கு மேல் லோஜினி எழும்பினாள். ஸ்பீக்கர் ஓய்ந்துபோன வீட்டில் அந்தச் சின்னப் போனின் சத்தம் முன்வாசல் வரைக்கும் போனது. பூனையேதான், வாளியேதான். காதைக் குத்தியது. கலாராணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

லோஜினி அறை வாசலில் வந்து நின்றாள். விரல்களில் வாய்க்கரிசி ஒட்டியிருந்தது.

"நான்தான்," என்றாள் கலாராணி, அவள் கேட்பதற்கு முன்.

"பிடிச்சிருக்காம்மா?"

"இல்ல."

"அப்பொறம் ஏன்..."

"ஓடணும்ல."

லோஜினி அந்தப் பழைய போனைப் பார்த்தாள், சார்ஜரைப் பார்த்தாள், அம்மாவின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். எதை நம்பினாள், எதை நம்பவில்லை என்று கலாராணிக்குத் தெரியவில்லை. மகள் உள்ளே வந்து, தன் பெயர் எழுதிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல், அம்மாவின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

பவாஸும் கந்தையா மாஸ்டரும் வந்தார்கள். தரையில் கிடந்த ப்ளக்கைக் கண்டதும் மாஸ்டரின் கை சார்ஜரை நோக்கி நீண்டது.

"மாஸ்டர், அதுல கைய வெச்சீங்கன்னா நல்லா இருக்காது," என்றாள் கலாராணி.

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். தாலாட்டு உச்சிக்குப் போய் நின்று கத்தியது. பவாஸ் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அம்ப்ளிபயர் வயரை எடுத்து முழங்கையில் சுற்றத் தொடங்கினார்.