நாற்பது சிவப்புப் பிடிகள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், நாகூர் கனியின் தையல் பட்டறை வாசலில் காலையிலேயே டெம்போ உறுமிக்கொண்டு நின்றது. பானுமதி கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே, கடலில் முக்குளிப்பவர்கள் இடுப்பில் கட்டும் எடைப் பட்டைகள். ஆபத்தென்றால் பிடியை இழுக்க வேண்டும். எடை கழன்று விழும், ஆள் மேலே வருவான்.

பிடிக்கு ஒளிரும் மஞ்சள் துணி என்றுதான் ஆர்டர். இருநூறு பட்டைகளில் நாற்பதுக்குத் துணி போதவில்லை. சிவப்பு வைத்துத் தைக்கச் சொன்னவளும், தரம் பார்த்து ‘ஓகே’ ஸ்டிக்கர் ஒட்டியவளும் பானுமதிதான். சிவப்பைவிடக் கண்ணில் படும் நிறம் உண்டா என்ன?

சரக்கெடுக்க வந்த மாரிசெல்வம் தூத்துக்குடிக்காரன், பவளப்பாறைகளுக்கிடையே முக்குளிப்பவன். டீ கிளாஸைப் பிடித்த கையில் நீளமாக ஒரு தழும்பு.

“பாறை கிழிச்சிட்டுக்கா. எழுபதடி ஆழம். ரத்தம் பச்சையா வருது!”

“பச்சையாவா? புடலங்காயைக் கிடலங்காயை அறுத்தீங்களா தம்பி?”

“சத்தியமாக்கா. வெயிலு கடலுக்குள்ள எறங்குனா, தண்ணி மொதல்ல சிவப்பைத்தான் குடிச்சிரும். அங்கன செவத்த மீனெல்லாம் கருப்பாத்தான் நிக்கும். நீலம்தான் மிச்சம். ஒளிர்ற சாயம்னா அந்த நீலத்தையே வாங்கிக்கிட்டு மின்னும், சில பவளம் மாதிரி. அதான் மஞ்சள் கேட்டோம்.”

பானுமதியின் கை டேப்பிலேயே நின்றது.

மாரிசெல்வம் வாசல் பக்கம் நகர்ந்ததும் கனி குனிந்து சொன்னார்: “சல்தா ஹை, இதெல்லாம் ஓடிரும் பிள்ள. எரநூறுல நாப்பது. எவன் பாக்கப்போறான்?”

பானுமதி மேசையில் கிடந்த சிவப்புத் துணித் துண்டை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். எங்கோ ஆழத்தில், ஒருவன் இடுப்பில் கருத்துப்போன பிடியை இன்னொருவன் கை தடவித் தடவித் தேடுவது அவள் கண்ணுக்குள் வந்தது. வெளியே பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏழு. எட்டு.

“நிறுத்துங்க!” வாசலுக்கு ஓடினாள். “தம்பி, நாப்பது பட்டையில சிவப்பு இருக்கு. வச்சதும் நான்தான், ஓகே போட்டதும் நான்தான்.”

“போச்சு, பார்ட்டியே போச்சு!” கனி தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாரிசெல்வம் ஒரு பெட்டியைப் பிரித்தான். சிவப்புப் பிடியை இழுத்துப் பார்த்தான்.

“இதுல ஒண்ணு என் இடுப்புக்கு வந்திருக்கும்லாக்கா” என்றான். பெட்டிகளை இறக்கச் சொன்னான்.

பானுமதி தரையில் உட்கார்ந்து பெட்டிகளிலிருந்த ‘ஓகே’ ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினாள்.

“நல்லா பளிச்சுன்னுதானட்டி தெரியுது?” கனி முணுமுணுத்தார்.

“இங்கன தெரியுது பாய். நம்ம கண்ணுக்குச் சரியா இருந்தா போதாது. நம்மள நம்பி எறங்குறவன் கண்ணுக்கு, அவன் நிக்கிற எடத்துல சரியா இருக்கணும். அதுக்குத்தான் ஓகேன்னு பேரு.”

கனி அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அதன் ஸ்டிக்கரில் நகத்தை வைத்தார்.