தூண்டிலில் மாட்டாத மீன்

இன்னும் ஒரு பொய் சொன்னால் காரை நேரே வாணியம்பாடிக்கு, தன் அம்மா வீட்டுக்கு விட வேண்டும் என்று கிளம்பும்போதே சஹர் சொல்லியிருந்தாள். முஜாஹித் சிரிக்காமல் தலையாட்டினான்.

அவன் சொல்வதெல்லாம் கெட்ட பொய்கள் அல்ல. எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்க அவனால் முடியாது. ஆம்பூரில் மாமியார், ஓரகத்தி, நாத்தனார் என்று நிறைந்த வீட்டில் திணறிக்கொண்டிருந்தவளிடம், தனிவீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். அவள் திரைச்சீலை தைக்க ஜன்னல் அளவு கேட்டாள். அதையும் சொன்னான். அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்த அன்று மகள் உமைமாவைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள்தான். வீடு இல்லாததைவிட, அந்த ஜன்னல் அளவைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இந்த முறை எதுவும் மறைக்க மாட்டேன் என்று கெஞ்சி அவன் அழைத்து வந்த இடம், ஜவ்வாது மலைக்குள் ஒரு சின்ன அணை. ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசரான அவனுக்கு லீவு கிடைத்தால் தூண்டில்தான். கடைசி ஊரைத் தாண்டி மண்பாதையில் வெகுதூரம் வந்திருந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு கொக்குகூட இல்லையே என்று அவள் கேட்டதற்கு, ஆள் வந்தால் பறவை போய்விடும் என்றபடி கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

வெயில் சாயும்வரை தூண்டில் அசையவில்லை.

"மீனெல்லாம் நம்ம தனிவீட்டுக்குக் குடி போய்டுச்சு போல" என்றாள் சஹர்.

அவன் சிரித்தான். ஆனால் காது சிவந்துவிட்டது. தூண்டிலை எடுத்துக்கொண்டு பாறைக்கு அந்தப்பக்கம் போனவன், சீக்கிரமே நாலு ஜிலேபி மீனோடு திரும்பி வந்தான். போட்டதும் மாட்டியது என்றான்.

நாலில் ஒன்றுகூடத் துடிக்கவில்லை. சஹர் அதைக் கவனித்தாள். தானாகச் செத்து மிதக்கும் மீனைத் தின்னக்கூடாது என்பது அவர்கள் இரண்டு வீட்டிலுமே வழக்கம். உயிரோடு பிடித்ததாக இருக்க வேண்டும். அது அவனுக்கும் தெரியும். அதில் போய்ப் பொய் சொல்வானா என்று நினைத்துக்கொண்டாள். நம்பத்தான் அவளுக்கும் ஆசை.

அவன் கழுவி எறிந்த குடலை ஒரு காக்கை வந்து கொத்தியது. உடனே விலகி, அலகைக் கல்லில் தேய்த்துவிட்டுப் பறந்தது.

அவன் மீனைப் பொரித்து இறக்கியதும் உமைமாவுக்குக் கால் கழுவ அவளைத் தூக்கிக்கொண்டு சஹர் பாறையைச் சுற்றிப் போனாள். அந்த மடுவு முழுக்க வெள்ளையாக இருந்தது. சின்னதும் பெரியதுமாக மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நடுவே ஒரு தண்ணீர்ப் பாம்பும் செத்துக் கிடந்தது. கரையில் காலி டப்பா ஒன்று. பூச்சிமருந்தின் நெடி மூக்கில் ஏறியது. மொத்தமாக மீன் அள்ள யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

ஓடி வந்தாள். முஜாஹித் அடுப்பருகே உட்கார்ந்து மகளுக்காக முள் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் தின்று முடித்த தட்டில் இரண்டு மீனின் முள் மட்டும் கிடந்தது.

"தூண்டில்ல தானே புடிச்சீங்க?" என்றாள். ஆமாம் என்பது ஒரு தடவையாவது உண்மையாக இருக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஆமா."

"அங்க மருந்து ஊத்தியிருக்காங்க. எல்லாம் செத்து மிதக்குது. இன்னா செஞ்சீங்க, சொல்லுங்க."

அவன் மகளுக்காக வைத்திருந்த தட்டை அப்படியே நெருப்பில் கவிழ்த்தான்.

"மிதந்துட்டு இருந்திச்சு, சஹர். உன் எதிர்ல வெறுங்கையோட வர முடியல."

அவன் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அடுப்புச் சூடா, வேறா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு அவளே வண்டியை எடுத்தாள். மலைப்பாதையில் அவள் ஓட்டியதே இல்லை. பின்சீட்டில் உமைமா மீன் வேண்டுமென்று அழுதாள். முன்சீட்டில் முஜாஹித் வாயில் ஊறும் எச்சிலைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வளைவிலும் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வயிற்றில் கேஸ்தான் என்றான், ஏசி ஜாஸ்தி என்றான். அவன் கை நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

இருட்டத் தொடங்கியது. வளைவுகள் முடியவில்லை.

"ஏங்க, தூங்காதீங்க. திருப்பத்தூர் லைட்டு தெரியுதா பாருங்க."

அவன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான்.

"தெரியுது. கிட்ட வந்துட்டோம். பயப்படாத, மெதுவா ஓட்டு."

அவன் பக்க ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் மலைப்பாறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சஹர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.