பினாயில் குடித்த குழி

1978 கோடையில் பெருமாட்டி கிராமத்தில் மாடுகளுக்குக் கோமாரி கண்டது. ஆறுமுகசாமி டின் டின்னாகப் பினாயில் ஊற்றி, மாடு கட்டும் கட்டுத்தரையைக் கழுவினார். கழுவிய தண்ணீர் முழுக்கச் சாண எரிவாயுக் குழிக்குள் இறங்கியது. அடுப்பு செத்தது. அவர் மனைவி மருதாத்தாள் மறுபடி விறகுப் புகையில் வெந்தாள்.

சில நாள் கழித்து அவர் கடப்பாரையோடு குழியருகே வந்து நின்றார். "உள்ள கிருமியெல்லாம் செத்தாச்சு. காஸைப் புடிக்க மேல கவுத்தியிருக்கிற டிரம்மைத் தூக்கிக் குழியை வழிச்சுக் கொட்டிப்போடறேன்."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"ஏனுங்க, கெடுத்தது பத்தாதுங்களா? பொழைச்சது பாதி இருக்குமுங்க. ஒத்தைக் கிருமியால அந்த வெசத்தைத் திங்க முடியாது. ஒண்ணு கடிச்சுத் துப்புனதை இன்னொண்ணு திங்கும். அதோட மிச்சத்துல மூணாவது காஸ் உண்டாக்கும். உங்க பங்காளிகளாட்டம் வெட்டிக்காதுங்க! வெசத்துக்குப் பழக நாளாகும். தொறந்தீங்கன்னா காத்துப் பட்டே செத்துப்போயிரும்."

"கோயமுத்தூர்ல படிச்ச திமிரு!"

அவள் கடப்பாரையைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் வீசினாள்.

ஆடி முடிவதற்குள் குழியில் வாயு ஊறி இரும்பு டிரம் ஒரு சாண் மேலெழும்பியது. அடுப்பில் நீலமாகத் தீ நின்றது. ஆறுமுகசாமி இளித்துக்கொண்டே வந்து காப்பி கேட்டார்.

"பினாயில் மிச்சமிருக்குதுங்களே," என்றாள் மருதாத்தாள், திரும்பிப் பார்க்காமல். "அதைக் காய்ச்சித் தரட்டுங்களா?"